சியாட்டில் மேடுகளில் நடந்தே ஜியோகேச்சிங்: அலுவலகப் பயணம் போகிறவர்களின் கேள்விகள்

வேலை நிமித்தமாக இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சியாட்டிலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வாடகைக் கார் இல்லை, மாலையும் வார இறுதியும் மட்டுமே கையில் இருக்கின்றன, நகரமோ மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது என்பவர்களுக்கானவை இவை.

ஜியோகேச்சிங் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுகிறார். நீங்கள் ஜிபிஎஸ் துணையோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் உங்கள் புனைபெயரையும் தேதியையும் எழுதி, எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பணமோ பரிசோ கிடையாது. அதனால்தான் இதைப் பற்றி வீட்டில் விளக்குவது கடினம்.

இது பிறந்த கதை: பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவந்தது. 2000 மே 2 அன்று அதை நிறுத்தியதும், சுமார் நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் திடீரெனத் துல்லியமாயின. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். அதிலிருந்த பீன்ஸ் டின் இந்த விளையாட்டுக்காரர்களிடையே இன்றைக்கும் புகழ்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் தலைமையகம் சியாட்டிலில்தான் இருக்கிறது. ஆகவே இந்த ஊருக்கு வேலையாகப் போகிறவருக்கு இது ஏதோ வேண்டாத வேலை இல்லை.

செயலியில் 400 மீட்டர் என்று காட்டுகிறது. நடந்தால் மூச்சு முட்டுகிறது. கோளாறு எங்கே?

கோளாறு ஒன்றும் இல்லை. செயலி காட்டுவது நேர்கோட்டுத் தூரம். நடுவில் இருக்கும் மேடு அதற்குத் தெரியாது. பெட்டி இருக்கும் தெரு உங்கள் தலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் இருந்தாலும், நீங்கள் பாலத்துக்கு அடியிலும் பெட்டி பாலத்தின் மேலும் இருந்தாலும், செயலியில் வழி காட்டும் அம்பு நேராகக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு பழைய கணக்கு உதவும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். அப்படியானால் 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் கூடுகிறது, அதாவது சமதளத்தில் 80 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்ததற்குச் சமம். குவீன் ஆன் மேட்டின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 139 மீட்டர். கடற்கரையிலிருந்து கிளம்பினால், சாலையின் நீளத்தை விட்டுவிட்டே 14 நிமிடம் கூடுதலாக ஆகும். நாள் முழுக்கக் கூட்ட அறையில் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் என்று இரண்டு மதிப்பெண்கள் உண்டு, 1 முதல் 5 வரை, அரை அரையாக. நிலத்துக்கு 1.5 என்று போட்டிருந்தால் எளிது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பல நேரம் அந்த மதிப்பெண், அருகில் காரை நிறுத்திவிட்டு நடக்கிற கடைசி ஐம்பது அடிக்கானது. மேட்டின் அடிவாரத்திலிருந்து நடந்து வரும் ஒருவரை அதைப் போட்டவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே என் வழி இது: முந்தைய இரவு சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தைத் திறந்து, ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் பெட்டிகளை ஒரு வரிசையாக எடுப்பேன். பக்கத்திலேயே இருந்தாலும் இரண்டு கோடு மேலே இருக்கும் பெட்டியை அன்றைக்கு விட்டுவிடுவேன்.

ஏற்றத்தைத் தவிர்க்கவே முடியாதா?

பெரும்பாலும் முடியும். ஏறுவதை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, இறங்குவதை மட்டும் கால்களிடம் கொடுக்க வேண்டும். சியாட்டிலில் இதற்கு அருமையான வசதிகள் இருக்கின்றன.

நகர மையத்தில் அவென்யூக்கள் கடற்கரைக்கு இணையாகப் போகின்றன. அவற்றில் நடந்தால் அதிக ஏற்றம் இல்லை. அவற்றைக் குறுக்கே வெட்டும் மேடிசன், ஸ்பிரிங், செனிகா போன்ற தெருக்கள்தான் ஆளைக் கொல்கின்றன. நான்காவது அவென்யூவிலிருந்து ஐந்தாவதுக்குப் போக வேண்டுமா? மேடிசனுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 2004இல் திறந்த மைய நூலகம் நிற்கிறது, கண்ணாடியும் இரும்புமாக. நான்காவது அவென்யூ வாசல் முதல் தளத்தில்; ஐந்தாவது அவென்யூ வாசல் மூன்றாவது தளத்தில். கீழ் வாசலில் நுழைந்து உள்ளேயே மேலே ஏறி, அந்தப் பக்கம் வெளியே வந்துவிடலாம். ஒரு தெருவின் ஏற்றம் மிச்சம். கழிப்பறையும் உண்டு, இலவசம். இதைச் சொல்லாமல் விடும் பயணக் கையேடுகளை எனக்குப் பிடிப்பதில்லை.

கேப்பிடல் ஹில் மேட்டுக்கு ரயிலில் போங்கள். வெஸ்ட்லேக் நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தம்தான். சுரங்கத்திலிருந்து எஸ்கலேட்டரில் மேலே வந்தால் நீங்கள் ஏற்கெனவே மேட்டின் மேல் நிற்கிறீர்கள். அங்கிருந்து வடக்கே பிராட்வேயிலும் பத்தாவது அவென்யூவிலும் நிதானமாகத் தேடிக்கொண்டே போய், ஹோவ் தெருப் படிக்கட்டில் இறங்கலாம். 388 படிகள். சுமார் 50 மீட்டர் இறக்கம். கீழே நெடுஞ்சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே வந்து, ஈஸ்ட்லேக் அவென்யூவில் பஸ் பிடித்துத் திரும்பலாம். இதைத் தலைகீழாகச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்யலாம். உள்ளூர்க்காரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடியே ஏறுகிறார்கள்.

குவீன் ஆன் மேட்டுக்கு மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் போகிறது. அந்தச் செங்குத்துச் சாலையை இன்றும் கவுன்டர்பேலன்ஸ், அதாவது எதிர் எடை, என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் ஏற முடியாமல் திணறியதால், சாலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, அதில் எடைகளை ஓடவிட்டு, எடை இறங்கும்போது வண்டி ஏறும்படி செய்தார்கள். வண்டியே ஏறாத சாலையில் நாம் மடிக்கணினிப் பையோடு ஏற வேண்டிய அவசியம் இல்லை. மேலே கெர்ரி பூங்காவில் ஸ்பேஸ் நீடிலும் நகரமும், வானம் தெளிந்திருந்தால் ரெய்னியர் மலையும் ஒரே பார்வையில் தெரியும். அங்கிருந்து இறங்கிக்கொண்டே தேடுங்கள்.

ஏறவே வேண்டாம் என்பவருக்கு?

பெல்டவுன் பக்கம் போங்கள். அங்கே டென்னி ஹில் என்று ஒரு குன்றே இருந்தது. ஊர் வளர்வதற்கு இடைஞ்சல் என்று முடிவு செய்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1930 வரை கட்டம் கட்டமாக வெட்டியும் தண்ணீர் பீய்ச்சியும் கரைத்து, மண்ணின் பெரும்பகுதியை எலியட் விரிகுடாவில் தள்ளிவிட்டார்கள். சரியா தவறா என்பது வேறு கதை. முழங்கால் வலிக்காரர்களுக்கு அவர்கள் செய்தது உபகாரம்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. எங்கே போகலாம்?

யோசிக்காமல் ஃப்ரீமான்ட். நகர மையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. கால்வாயை ஒட்டிய பகுதி முழுக்கச் சமதளம். 1917இல் கட்டிய ஃப்ரீமான்ட் பாலம் தாழ்வானது. படகு வந்தால் இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும், ஐந்து நிமிடம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பாலத்தைத் தாண்டியதும் பர்க் கில்மன் பாதை வரும். அது பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை. ரயில் ஓடிய இடத்தில் பெரும்பாலும் செங்குத்தான ஏற்றம் இருக்காது. அதில் கிழக்கே நடந்தால் கேஸ் வொர்க்ஸ் பூங்கா. நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்த பழைய ஆலை, 1956இல் மூடப்பட்டது. துருப்பிடித்த கோபுரங்களை இடிக்காமல் வைத்துச் சுற்றிலும் பூங்கா ஆக்கிவிட்டார்கள். ஏரிக்கு அப்பால் நகரம் தெரியும்.

கொஞ்சம் ஏறத் தயார் என்றால் அரோரா பாலத்தின் வடகோடிக்குப் போங்கள். அடியில் 1990இல் செய்து வைத்த பூதம், ஒரு நிஜ ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைக் கையில் நசுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் எப்போதும் இருக்கும். கூட்டம் இருக்கும் இடத்தில் பெட்டி தேடுவது சிரமம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜியோகேச்சிங் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். ஃப்ரீமான்டில்தான் இருக்கிறது. பார்வையாளர்களுக்கென்று நாளும் நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். போவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் பார்த்து, தேவையானால் பதிவு செய்துவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும் பெட்டி தனி வகை. அதை எடுத்ததாகப் பதிந்தால் உங்கள் கணக்கில் சேரும் அந்த வகைச் சின்னம் உலகில் வேறு எங்கேயும் கிடைக்காது என்பதால் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அலுவலக நாளில் மதியமே கிளம்ப வேண்டியிருக்கலாம். மேலாளரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அம்பு பைத்தியம் பிடித்தது போல் சுற்றுகிறதே?

செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தக் கூடுதல் தூரத்தைக் கைபேசி உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. பெட்டியின் எண்களில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால், சியாட்டிலில் இடம் வடக்கு தெற்காக சுமார் 1.85 மீட்டர், கிழக்கு மேற்காக சுமார் 1.25 மீட்டர் நகரும். அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட எண்ணை, நீங்கள் முப்பது மீட்டர் தடுமாறும் கருவியோடு தேடுகிறீர்கள். பெட்டி வைத்தவரும் அதே தெருவில் அதே தடுமாற்றத்தோடுதான் அளந்திருப்பார்.

எனவே நகர மையத்தில் அம்பைப் பையில் போட்டுவிடுங்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெட்டி வைத்தவர் தந்திருக்கும் குறிப்பைப் படியுங்கள். முன்பு தேடியவர்கள் செயலியில் எழுதியதில் கடைசி ஐந்தாறைப் படியுங்கள். வரிசையாக எல்லோரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டியே போயிருக்கும், மேடு ஏறிப் போய் உறுதிசெய்ய வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்தது காலடியில் இருக்காது.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும்?

பெட்டி என்று சொன்னதும் தகர டிரங்கை நினைக்காதீர்கள். நகரத்துக்குள் பெரும்பாலானவை பழைய ஃபிலிம் டப்பா அளவு. அதைவிடச் சிறியது நானோ: சுண்டுவிரல் நுனி அளவுள்ள கறுப்பு உலோகக் குமிழ், அடியில் காந்தம். இரும்புக் கைப்பிடியின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தால் அது ஏதோ திருகின் தலை என்றுதான் தோன்றும். திருகித் திறந்தால் உள்ளே ஒரு சென்டிமீட்டர்கூட அகலம் இல்லாத காகிதச் சுருள். விரலால் எடுக்க வராது, எனவே சிறிய இடுக்கி ஒன்று வேண்டும். எழுதிய பிறகு சுருளை முன்பைவிட இறுக்கமாகச் சுற்றினால்தான் மூடி பொருந்தும். குளிரில் விறைத்த விரலோடு இதைச் செய்வது, ஊசியில் நூல் கோக்கும் வேலை. பேனாவை யாரும் உள்ளே வைப்பதில்லை. ஈரத்தில் மை ஊறிவிடுவதால் பென்சில் நல்லது.

கண்ணால் பார்க்காத பொந்துக்குள் விரலை விடாதீர்கள். நகர மையத்தில் போதை ஊசிகள் கிடக்கக்கூடும். முதலில் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள்.

விளக்குக் கம்பத்தடியில் தடவிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட மாட்டார்களா?

படலாம். வெளிநாட்டவர், கையில் கறுப்புப் பை, கண்கள் நாலாபக்கமும் அலைகின்றன என்றால் கேட்கத்தான் செய்வார்கள். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லி, செயலியைத் திறந்து காட்டுங்கள். இந்த ஊரில் பலருக்கு இது தெரிந்த விளையாட்டு. போலீஸ்காரர் கேட்டால் கைகள் தெரியும்படி நின்று பேசுங்கள், பைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டாம். பள்ளி, அரசுக் கட்டடம் இவற்றின் அருகே அம்பு இழுத்தால் நான் போவதில்லை.

ஒளிந்து ஒளிந்து தேடுவதைவிட, ஓரமாக நின்று போனில் பேசுவது போல் நிற்பது மேல். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் அந்தப் புதரோடு சேர்ந்து யாருடைய புகைப்படத்திலும் வர வேண்டியதில்லை.

அலுவலக ஷூ போதுமா?

போதாது. வழவழப்பான தோல் அடிப்பாகம், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும் வானம், பாசி பிடித்த படிக்கட்டு இந்த மூன்றும் சேர்ந்தால் நேராக மருத்துவமனைதான். அங்கே ஒரு எக்ஸ்ரேவுக்கு ஆகும் செலவில் நல்ல நடைக் காலணி பல ஜோடி வாங்கலாம். இறங்கும்போது சிறு சிறு அடியாக வையுங்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டே படி இறங்காதீர்கள். குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைச்சட்டை போதும்; தேடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அடிக்கடி திரை எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும், பவர் பேங்க் அவசியம்.

எந்த நேரத்தில் போவது?

இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு முதல் சில நாள் விடிகாலை 3 மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். ஜூனில் அது வரம். ஐந்தே காலுக்குள் சூரியன் வந்துவிடுகிறது, வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் தேடலாம், தெருவில் ஆளும் இல்லை. மாலையிலும் ஒன்பது மணி வரை வெளிச்சம். டிசம்பரில் கதை வேறு. காலை எட்டு மணி வரை இருட்டு, மாலை நாலரைக்குள் மீண்டும் இருட்டு. அப்போது வார இறுதி மட்டும்தான். தனியாக இருட்டில், தெரியாத படிக்கட்டில், பாலத்தடியில் தேட வேண்டாம். பூங்காக்களின் நேரம் வாசல் பலகையில் இருக்கும்.

ஜியோகேச்சிங்காரர்களுக்கு மும்மூர்த்தி போல மூன்று இடங்கள் இருக்கின்றனவாமே?

ஆமாம். தலைமையகம், சியாட்டிலுக்குக் கிழக்கே மலையில் ஸ்னோக்வால்மி என்ற பழைய ரயில் சுரங்கத்தின் அருகே உள்ள பழைய பெட்டி, ஆரிகனில் அந்த முதல் வாளி இருந்த இடத்தின் நினைவுத் தகடு. ஒரே பயணத்தில் மூன்றையும் முடிப்பது சிலருக்கு லட்சியம். கார் இல்லாமல் முடியாது. சுரங்கம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். யாராவது ஓட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தால் ஒழிய, அலுவலகப் பயணத்தில் இதை மறந்துவிடுங்கள்.

பெட்டியில் கிடைத்த டிராவல் பக்கை ஊருக்குக் கொண்டுவரலாமா?

எண் பொறித்த அந்தச் சிறு தகடு ஊர் ஊராகச் சுற்றுவதற்காகவே விடப்பட்டது. அதன் உரிமையாளர் என்ன இலக்கு எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பெட்டிகளும் குறைவு, தேடுகிறவர்களும் குறைவு. கொண்டுவந்தால் அது இங்கேயே மாதக்கணக்கில் முடங்கலாம். அடுத்த பயணம் நிச்சயம் என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. அங்கே கடையில் கைக்கருவி வாங்கும் ஆசை வரும். வெறும் ஜிபிஎஸ் கருவி வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. கார்மின் இன்ரீச் போன்ற இரண்டாம் வகையை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம். தெரியாமல் எடுத்து வந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. நகருக்குள் நடப்பதற்குக் கைபேசியே போதும்.

கடைசி நாள். அறையைக் காலி செய்துவிட்டேன், விமானம் இரவுதான். என்ன செய்யலாம்?

சுமையை ஹோட்டலிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பயனியர் சதுக்கம் போங்கள். 1889 தீ விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் தெருக்களை உயர்த்தி, பழைய நடைபாதைகளைப் பூமிக்கு அடியில் விட்டுவிட்டார்கள். இப்போதைய நடைபாதையில் ஆங்காங்கே பதித்த ஊதாநிறக் கண்ணாடிக் கட்டைகள் அந்தக் கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் விடுவதற்கானவை. இடம் ஏறக்குறைய சமதளம், கட்டடங்களும் அதிக உயரம் இல்லாததால் ஜிபிஎஸ் ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும். விமான நிலைய ரயில் அங்கேயே நிற்கிறது. பயணம் சுமார் 35 நிமிடம். பென்சிலும் இடுக்கியும் கையில் கொண்டுபோகும் பையில் இருந்தால், கூர்முனை இடுக்கியை மட்டும் பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.